வால்வு லீக் பார்க்கக் காற்று அடித்தால் பிஸ்டன் போய்விடுமா?

கேள்வி: 2024 ஜனவரி 6

அண்ணா, நான் வேளச்சேரி. மிக்ஜாம் புயல் மழையில் என் ஸ்ப்ளெண்டர் டேங்க் வரைக்கும் தண்ணீரில் நின்றது. ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி இப்போது ஓடுகிறது. ஆனால் கிக்கரில் எதிர்ப்பே இல்லை, கால் சும்மா இறங்குகிறது. சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. ஒரு மெக்கானிக் பார்த்ததுமே "வால்வு லீக், ஹெட்டை இறக்கணும்" என்றார். இன்னொருவர், பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்துப் பார்க்கலாம் என்றார். ஆபீஸ் நண்பனோ கம்ப்ரெசர் காற்று அடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறான். சிலிண்டரை மூடும் ஹெட்டைத் திறக்காமல், பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்க்க வழி உண்டா?

ஜனவரி 6, இரவு

காற்றால் பிஸ்டன் உடையாது தம்பி. பெட்ரோல் எரிகிற நொடியில் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அழுத்தம் வருகிறது. பஞ்சர் கடை கம்ப்ரெசரில் மிஞ்சிப் போனால் 8, 10 கிலோ. தினமும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி வாங்கும் பிஸ்டனுக்கு அது பொருட்டே இல்லை.

பிஸ்டன் கெடுவது வேறு வழியில். டாப் (பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சி) எங்கே என்று பார்க்கப் பிளக் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விடுவார்கள். ஓட்டை சாய்வாக இருப்பதால், பிஸ்டன் மேலே வரும்போது டிரைவர் குறுக்கே சிக்கும். கிக்கரை இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் அலுமினியத்தில் பள்ளம், இல்லையென்றால் பிளக் மரை காலி. அயனாவரத்தில் நான் போய் உட்காரும் பட்டறையில் அப்படிக் குழி விழுந்த பிஸ்டன் ஒன்று சாவிக்கொத்துத் தட்டாக வேலை பார்க்கிறது. வந்தவர் எல்லாம் எடுத்துப் பார்க்கட்டும் என்றே வைத்திருக்கிறார் பட்டறைக்காரர்.

ஜூஸ் கடை ஸ்ட்ரா போதும். மேலே வந்தால் அது வளையும், அவ்வளவுதான். துடைப்பக்குச்சி வேண்டாம், ஒடிந்து உள்ளே விழும்.

ஜனவரி 7, காலை

ராத்திரி எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். காற்றுக்கு முன்னால் டேப்பட், அதாவது வால்வை அழுத்தும் ராக்கர் கையின் திருகு; அதற்கும் வால்வுக்கும் நடுவில் சின்ன இடைவெளி வேண்டும். இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதாவது ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது. டேப்பட் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது. அந்த நிலையில் காற்று அடித்தால் சைலன்சரில் சீறத்தான் செய்யும். நல்ல வால்வைக் குற்றம் சொல்லி ஹெட்டை இறக்குவோம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

டாப் கண்டுபிடிப்பது: பிளக்கைக் கழற்று. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தை ஓடும் திசையில் கையால் சுற்று. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வை. விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக், பிஸ்டன் காற்றை அழுத்தியபடி ஏறுகிறது. உன் வண்டியில்தான் கம்ப்ரெஷன் இல்லையே, விரலை நம்பாதே. மேக்னட் (பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) கவரில் மேலே உள்ள சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே 'டி' குறி தெரியும். பக்கத்தில் 'எஃப்' குறியும் இருக்கும், அது ஸ்பார்க் வரும் இடம். பல பேர் அதையே டாப் என்று நினைத்து நிற்பார்கள். 'டி' நேராக வந்ததும் இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பார். இரண்டும் லேசாக ஆடினால் சரி. ஒன்று இறுக்கமாக இருந்தால் எக்ஸாஸ்ட் முடிகிற டாப்பில் நிற்கிறாய், கிராங்க் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

கிராங்கை எதிர்த் திசையில் சுற்றாதே. தாண்டிவிட்டால் முன்பக்கமாகவே திரும்பச் சுற்றி வா.

ஜனவரி 7, மாலை

பிளக் தொப்பியைக் கழற்றி அப்படியே தொங்கவிட்டுக் கிக்கர் அடிக்காதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. ஸ்பார்க் போக வழியில்லாமல் சி.டி.ஐ. (ஸ்பார்க் தரும் மின்பெட்டி) கெடலாம், பெட்ரோல் ஆவி பக்கத்தில் பொறியும் பறக்கலாம். சாவியை ஆஃப் செய்துவிட்டுச் சக்கரத்தால் சுற்றினால் இந்தக் கவலையே இல்லை.

ஜனவரி 9

பிளக் ஓட்டையில் காற்றுக் குழாயை மாட்டும் அடாப்டர் எங்கே கிடைக்கும் என்கிறாய். இரண்டு கேஜ் வைத்த லீக் டவுன் செட் (காற்று எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும்போது மரையைப் பார். ஸ்ப்ளெண்டர் பிளக் 10 மி.மீ. மரை, செட்டில் பெரும்பாலும் 14, 18 தான் இருக்கும்.

ஒரு வண்டிக்காக அதெல்லாம் எதற்கு? பழைய பிளக் ஒன்றை எடுத்து, பீங்கானை முழுக்க உடைத்து வெளியே தள்ளு. பக்க எலக்ட்ரோடை வெட்டிவிடு. மிஞ்சும் இரும்பு உடம்பின் மேல் பக்கத்தில் டயர் வால்வுத் தண்டு ஒன்றைப் பற்றவைத்து வாங்கு. புதுப்பேட்டையில் ஐந்து நிமிட வேலை. அந்த டயர் வால்வின் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றிவிட வேண்டும். பீங்கான் துணுக்கு ஒன்றுகூட மரைக்குள் தங்கக் கூடாது, பெட்ரோலில் கழுவி ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே இஞ்சினில் மாட்டு. போரில் (சிலிண்டரின் உள்சுவரில்) கோடு போடுவதற்கு அதைவிட நல்ல உளி கிடையாது.

இப்போது சைக்கிள் பம்பே போதும். கேஜ் இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. ஒரு ஆள் பம்பு அடிக்கட்டும், நீ மூன்று இடத்தில் கேள். கார்புரேட்டர் வாயில், த்ராட்டிலை முழுக்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு: சத்தம் வந்தால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில்: எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் டிப்ஸ்டிக் ஓட்டையில்: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், போர். டிப்ஸ்டிக் பக்கம் கொஞ்சம் சீறுவது எல்லா வண்டியிலும் உண்டு, ரிங் முனைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதே. வால்வு பக்கம் அப்படி விட்டுக்கொடுக்க முடியாது.

வேளச்சேரி மெயின் ரோடு இரைச்சலில் எதைக் கேட்பது என்று கேட்காதே. சைலன்சர் முனையில் சோப்பு நுரையைப் பூசு. வால்வு விட்டால் குமிழி வரும்.

ஜனவரி 9, இரவு

"டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் பிஸ்டன் நகராது, கம்ப்ரெசரே பயன்படுத்தலாம்" என்று ஒரு நண்பர். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை.

ஸ்ப்ளெண்டர் போர் 50 மி.மீ. பிஸ்டன் முகத்தின் பரப்பு 19.6 சதுர செ.மீ. 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் பிஸ்டனை 137 கிலோ எடை கீழே தள்ளுகிறது. மிகச் சரியாக டாப்பில் நின்றால் கனெக்டிங் ராடு நேராக இருக்கும், திருப்பு விசை இல்லை. இரண்டு மூன்று டிகிரி விலகினால் போதும், திரும்பப் பார்க்கும். செயின் தொய்வு, கியர் பல் இடைவெளி எல்லாம் சேர்ந்து அந்த விலகலுக்குத் தாராளமாக இடம் கொடுக்கும். பிரேக் பிடித்தும் சக்கரம் ஒரு குதி குதிப்பது அதனால்தான். மேக்னட் நட்டில் ஸ்பேனரை மாட்டியே வைத்திருந்தால் அது சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்க்கும். பிஸ்டனைவிட நம் கைக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே 2 கிலோவில் தொடங்கலாம். அப்போது தள்ளு விசை 39 கிலோ. சீறல் கேட்க அதுவே மிச்சம். டயருக்கு அடிக்கிற 28, 30 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர், சாக்கெட் எதுவும் கிராங்கில் இருக்கக் கூடாது. காற்றை மெல்லத் திற.

பஞ்சர் கடைக் கம்ப்ரெசரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், திறந்து விடாமலே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். வெள்ளத்தில் நனைந்து இப்போதுதான் காய்ந்த இஞ்சினுக்குள் அந்தத் தண்ணீரையும் ஊதாதே.

ஜனவரி 10

கயிறு கோஷ்டி வந்துவிட்டது. வரும் என்று தெரியும்.

காற்றுக்குப் பதில் பிளக் ஓட்டையில் நைலான் கயிற்றை விட்டுப் பிஸ்டனை மேலே ஏற்றினால் கயிறு வால்வைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது லீக் பார்க்கும் வழி இல்லை. ஹெட்டை இறக்காமல் வால்வு ஸ்பிரிங், சீல் மாற்றும்போது வால்வு உள்ளே விழாமல் தடுப்பதற்கு. என் பழைய மாருதி 800இல் சீல் மாற்றியது அப்படித்தான். மூன்று சிலிண்டர், ஹெட்டை இறக்கினால் ஒரு நாள் வேலை, கயிறு லாபம். ஸ்ப்ளெண்டரில் ஹெட் கழற்றுவது சுலபம், கயிற்றோடு மல்லுக்கட்டுவதற்குள் இறக்கியே விடலாம்.

செய்கிறவர்கள் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில்தான் செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் வால்வு திறந்திருக்கும். கயிறு அதன் அடியில் புகுந்து, பிஸ்டன் அழுத்த, வால்வுத் தண்டு வளைந்துவிடும். கிராங்கைக் கையால் மட்டும் சுற்றணும், ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. கயிற்றின் வால் ஒரு முழமாவது வெளியே தொங்கட்டும். ஒருவர் தேங்காய் நார்க் கயிறு ஆகுமா என்று கேட்டிருக்கிறார். ஆகாது ஐயா, அது கிணற்றுக்கு.

பிளக் ஓட்டையில் போல்ட்டை முறுக்கிப் பிஸ்டனைத் தடுத்து நிறுத்துகிற சாமானும் உண்டு. மெல்லக் கையால் டாப்பை அளக்க அது நல்ல கருவி. அதையே தடுப்பாக வைத்து மேக்னட் நட்டைக் கழற்ற பலம் போட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை. கேள்வி கேட்ட தம்பியின் நண்பன் எங்காவது உடைந்த பிஸ்டனைப் பார்த்திருந்தால் இப்படி ஒன்றைத்தான் பார்த்திருப்பான். காற்றின் மேல் பழி.

ஜனவரி 11

தன் வண்டிக்கும் வால்வு லீக்கா என்று கேட்ட, புல்லட் வைத்திருக்கும் பெரியவருக்கு: சார், உங்கள் பழைய வார்ப்பிரும்பு இஞ்சினில் முதலில் டிகம்ப்ரெசர் கேபிளைப் பாருங்கள். அந்த லீவர் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிப்பதற்கே இருக்கிறது. கேபிளில் கொஞ்சம்கூடத் தொய்வு இல்லையென்றால் வால்வு எப்போதும் ஒரு நூல் திறந்தே இருக்கும், கிக்கரில் கம்ப்ரெஷன் இருக்காது. அடுத்தது புஷ்ராடு, ராக்கரைத் தள்ளும் கம்பி. இஞ்சின் ஆறியிருக்கும்போது விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டிலேயே பாதி 'வால்வு லீக்' சரியாகிவிடும்.

70 மி.மீ. போர் என்பதால் உங்களுக்குத் தள்ளு விசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. 7 கிலோ காற்றுக்கு 270 கிலோ. உங்கள் வயதுக்கு நான் சைக்கிள் பம்பையே சிபாரிசு செய்வேன்.

(திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டியா, இல்லை இறக்குமதியா என்று எழுதவில்லையே. 1955க்கு முந்தையது என்றால் நேரில் வந்து பார்க்கிறேன், வால்வுக்காக இல்லை.)

ஜனவரி 12

கொடுத்த காற்றழுத்தத்தில் எத்தனை சதவீதம் வரை லீக் இருக்கலாம் என்ற சண்டை. 10க்குள் நல்லது, 20 வரை ஓட்டலாம், 30 தாண்டினால் திற என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயம். இது ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் ஒத்துப்போகாது. செட்டில் இரண்டு கேஜுக்கும் நடுவில் இருக்கும் துளை எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து எண் மாறும்.

என் மாமா மீனம்பாக்கத்தில் சின்ன விமானங்களின் பராமரிப்பில் இருந்தவர். பிஸ்டன் இஞ்சின் விமானத்துக்கு இந்தச் சோதனை வழக்கமான ஒன்று. 80 பி.எஸ்.ஐ. கொடுத்து, ஏறத்தாழ 1 மி.மீ. துளை வழியாக விட்டு, மறுபக்கம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் துளைக்கு அளவு வரையறுத்திருப்பதால்தான் இவர் எடுத்ததையும் அவர் எடுத்ததையும் ஒப்பிட முடிகிறது. 60க்குக் கீழே போனால் ஏன் என்று தேடு என்பது பழைய பொது விதி. இஞ்சின் சூடாக இருக்கும்போதே எடுப்பார்கள். காற்று விடும்போது ஒரு ஆள் ப்ரொபெல்லரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாப் தவறினால் அது சுழலும், கை போய்விடும். ஸ்பேனரை மறந்து வைக்கிறவர்களைப் பற்றி மாமா சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சதவீதத்தைவிட சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே நமக்குப் பயன்.

ஜனவரி 13

தம்பி எழுதியதன் சுருக்கம்: எக்ஸாஸ்ட் டேப்பட் இறுகித்தான் இருந்தது, வைத்தாயிற்று. வெடிச் சத்தம் குறைந்தது. சைக்கிள் பம்பு அடித்தால் சைலன்சரில் சோப்புக் குமிழி இன்னும் வருகிறது. கார்புரேட்டர் பக்கம் சத்தம் இல்லை.

டேப்பட் வைத்த உடனே தீர்ப்பு எழுதிவிடாதே. வால்வு முகத்தில் கரித் துகள் ஒட்டியிருக்கலாம். கொஞ்ச நாள் ஓட்டு, இஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், மறுபடி பார். குமிழி அப்படியே வந்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றிக் கம்ப்ரெஷன் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் ஒருவர். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பது சிலிண்டர் செங்குத்தாக நிற்கிற இஞ்சினுக்குப் பொருந்தும். ஸ்ப்ளெண்டர் சிலிண்டர் ஏறத்தாழப் படுத்திருக்கிறது. ஆயில் அடிப்பக்கம் தேங்கும், ரிங்கைச் சுற்றிப் பரவாது. ஆர்வத்தில் நாலு ஸ்பூன் ஊற்றிக் கிக்கர் அடிக்காதே. ஆயிலோ தண்ணீரோ, சிலிண்டருக்குள் சுருங்காது. வெள்ளத்துக்கு அப்புறம் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்தவர்களின் கனெக்டிங் ராடு வளைந்தது அதனால்தான். 2015 டிசம்பரில் பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றதை மறக்க முடியாது.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து லேத் திறந்ததும் ஹெட்டை இறக்கிவிட்டார்கள். தம்பி அனுப்பிய படத்தில் எக்ஸாஸ்ட் சீட்டில் (வால்வு வந்து அமரும் வளையத்தில்) துருப்புள்ளிகள். வண்டி தண்ணீரில் நின்றபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். சைலன்சர் வழியாக வந்த தண்ணீர் சீட்டிலேயே தங்கியிருக்கிறது. மெக்கானிக் முதல் நாள் சொன்னதே சரி. ஆனால் டேப்பட்டைக்கூடத் தொடாமல் சொன்னார், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பட்டறையில் நிற்கும்போது இன்னொரு சோதனை செய். ஹெட்டைக் குப்புறக் கவிழ்த்துப் பிளக்கை மாட்டி, எரியறையில் டீசல் ஊற்று. மண்ணெண்ணெய் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது அதற்கு எங்கே போவது. ஐந்து நிமிடம் கழித்துப் போர்ட்டுக்குள் (வால்வுக்கு மறுபக்கம் உள்ள பாதை) விரல் விட்டுப் பார். ஈரம் இருக்கக் கூடாது.

ஜனவரி 18, இரவு

டீசலில் நின்றது, பெட்ரோலில் கசிகிறது, எதை நம்புவது என்று கேட்கிறார்கள். பெட்ரோல் மெலிது, நுழைந்துவிடும். காலையில் டீசல் போதும் என்றேன், கிரைண்டிங் (வால்வையும் சீட்டையும் தேய்த்துப் பொருத்துவது) செய்வதற்கு முன் அது போதும். செய்து முடித்த பிறகு பெட்ரோலில் பார்ப்பதே கறார். வெட்டவெளியில் செய்யுங்கள், பீடி குடிக்கிறவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஜனவரி 20

இந்த இழையின் தலைப்புக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டனையும் போரையும் அதிகம் கெடுப்பது கிரைண்டிங் பேஸ்ட்.

அது கார்போரண்டம், அதாவது சிலிக்கன் கார்பைடு பொடி. கையில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடும். வால்வு முகத்தில் பூசித் தேய்க்கும்போது தண்டில் வழிந்து, தண்டு நுழையும் குழாயான கைடுக்குள் போகும். துணியால் துடைத்துவிட்டு ஹெட்டை மாட்டினால் மிச்சம் போருக்கு இறங்கும். அங்கே அது அலுமினியப் பிஸ்டனில் பதிந்து உட்கார்ந்து போரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வால்வு லீக் போய்விடும், சில மாதத்தில் புகை வரும், "வால்வு வேலை செய்ததிலிருந்துதான் புகை" என்று வாடிக்கையாளர் சொல்வார், மெக்கானிக் சிரிப்பார். வாடிக்கையாளர் சொல்வது சரியாக இருக்கும்.

தேய்த்து முடிந்ததும் டீசலில் கழுவு, சோப்புத் தண்ணீரில் கழுவு, காற்று ஊது, கைடுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழு. துணி சாம்பல் நிறமாக வந்தால் கழுவல் இன்னும் முடியவில்லை என்று பொருள். சீட் இரும்பு வகை, அது உலர்ந்ததும் உடனே ஆயில் தடவு.

அப்புறம், துருக்குழியைப் பேஸ்டாலேயே எடுத்துவிடலாம் என்று மணிக்கணக்கில் தேய்க்க விடாதே. வால்வு முகத்தில் வாய்க்கால் விழும். குழி ஆழமாக இருந்தால் சீட்டை 45 டிகிரி கட்டரில் வெட்டி, வால்வைப் புதிதாகப் போட்டு, கடைசியில் மெல்லிய பேஸ்டால் ஒரு தேய்ப்பு. மங்கிய சாம்பல் வளையம் எங்கும் அறுபடாமல், சுமார் 1 மி.மீ. அகலத்தில் வந்தால் போதும். வால்வும் பிஸ்டனும் நம் ஊரிலேயே செய்கிறார்கள், செம்பியத்தில் பிஸ்டன் தொழிற்சாலை இருக்கிறது. பெட்டி இல்லாமல் விற்கிற வால்வை மட்டும் வாங்காதே.

ஹெட் கழன்றிருக்கும்போது பிஸ்டன் தலையில் இருக்கும் கரியைச் சுரண்ட உனக்குக் கை துறுதுறுக்கும். மரக்குச்சியால் சுரண்டு, இரும்பு வேண்டாம். போர் ஓரத்தில் துணி வை.

ஜனவரி 21

மாட்டும்போது: மேக்னட்டில் 'டி', கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பல்சக்கரத்தின் குறி ஹெட்டில் உள்ள கோட்டுக்கு நேராக. கேம் செயின் மாட்டாத நிலையில் கிராங்கைச் சுற்றி விளையாடாதே. திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோத வாய்ப்பு உண்டு. எல்லாம் இறுக்கியதும் கிக்கரைத் தொடாமல், பிளக் இல்லாமல், கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்காவது கடினமாக நின்றால் தள்ளாதே, டைமிங்கை, அதாவது அந்தக் குறிகளின் பொருத்தத்தைத் திரும்பப் பார். டைமிங் தவறி முதல் கிக்கிலேயே வால்வு வளைந்த வண்டிகள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

சீட்டை வெட்டியதால் வால்வு உள்ளே இறங்கியிருக்கும், தண்டு மேலே ஏறியிருக்கும், டேப்பட் இடைவெளி சுருங்கியிருக்கும், மறுபடி அளவுக்கு வை.

ஜனவரி 24

கிக்கர் எதிர்க்கிறது, சோப்புக் குமிழி இல்லை, வெடிச் சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறான். 500 கி.மீ. ஓடியதும் டேப்பட்டை மறுபடி பார் தம்பி, புது சீட் கொஞ்சம் உட்காரும். பழைய பிளக்கில் செய்த அடாப்டரைத் தூக்கிப் போடாதே. புல்லட் சார் கேட்கிறார், ஆனால் அவருடையது 14 மி.மீ. மரை, அவருக்கு வேறு செய்ய வேண்டும்.